ஒற்றைக்கால் கிளிகள்

மாப்பிள்ளை விசாரிப்பதில் பாமாவை அடித்துக்கொள்ள காக்ஸ் டவுன் வட்டாரத்திலேயே ஆள் கிடையாது. பையன் சிகரெட் பிடிப்பானா, வேலை நிரந்தரமா, முன்பே எங்காவது மனசைக் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்க மறந்திருக்கிறானா, எதுவானாலும் ஒரே வாரத்தில் கண்டுபிடித்து, கவரில் போட்டு ஒட்டிக் கொடுத்துவிடுவாள். அவள் சரியென்று தலையாட்டிய எந்தத் திருமணமும் இதுவரை கோர்ட் வாசலை மிதித்ததில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அவளுடைய உதவியாளன் ஹரிஷ்குமாருக்கு கர்வப்பட ஒன்றும் இல்லை. ஆம்பூரிலிருந்து வெப்சைட் செய்வதற்காக பெங்களூர் வந்தவன் அவன். போன வருஷம் டாட் காம் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கவிழ்ந்தபோது அவனுடைய கம்பெனியும் கவிழ்ந்தது. முதலாளி ராவோடு ராவாகக் காணாமல் போக, ஹரிஷ் தன் சுழல் நாற்காலியை மட்டும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு நேராக பாமாவிடம் வேலைக்கு வந்து சேர்ந்தான். ஜீவனஹள்ளிப் பக்கம் திரும்பும் தெருவில், ஒரு பேக்கரியின் மாடியில் இருந்த அந்த ஒற்றை அறை ஆபீஸில் பார்க்கும்படியான பொருள் அந்த நாற்காலி ஒன்றுதான்.

அன்று காலை அதில் ஒரு பெண் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

"முடிஞ்சிடுச்சா, இன்னும் பாக்கி இருக்கா?" என்றான் ஹரிஷ், கையில் தேங்காய் பன்னோடு. "இருந்தா சொல்லுங்க, கீழே போய் இன்னொண்ணு வாங்கியாறேன். அழறதுக்கும் தெம்பு வேணும்ல?"

அவள் அழுகையின் நடுவிலேயே சிரித்துவிட்டாள். சிரித்ததற்காக மறுபடி அழுதாள்.

"ஹரிஷ், வாயை மூடு. பன்னை அவ கையில குடு" என்றாள் பாமா. "நீ சொல்லும்மா. பேர் ஸ்னேஹா. மல்லேஸ்வரம். எம்.எஸ்சி. ஹோம் சயின்ஸ் கடைசி வருஷம். அதுவரைக்கும் சொன்னே. அப்புறம் குழாயைத் திறந்துட்டே."

ஸ்னேஹா மூக்கை உறிஞ்சிக்கொண்டு பையிலிருந்து நான்கைந்து தாள்களை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"என் புராஜெக்டைக் காப்பி அடிச்சேன்னு சொல்றா மேடம். இன்னிக்கு மத்தியானம் மூணு மணிக்கு விசாரணைக் கமிட்டி. காப்பின்னு முடிவு பண்ணிட்டா புராஜெக்ட் கேன்சல். டிகிரி கிடையாது. மைசூர்ல எனக்கு ரிசர்ச் சீட் சொல்லியிருக்கா, அதுவும் போச்சு. அப்பாகிட்ட இன்னும் வாயே திறக்கல. தாத்தா காலத்துலேர்ந்து எங்காத்துல எல்லாரும் சர்க்கார் உத்தியோகம். பொய் சொன்னான்னு யாரையும் ஒருத்தரும் கைகாட்டினதில்லை மேடம்."

"எதைப் பாத்து அடிச்சியாம்?"

"இதைப் பாத்து. இது ஒரு வெப்சைட்டோட பிரிண்ட். என் ரெண்டாவது அத்தியாயம் அப்படியே இருக்கு. ஒரு கமா மாறல. ஆனா அடியில பாருங்கோ."

ஹரிஷ் குனிந்து படித்தான். பக்கத்தின் அடியில், இது கடைசியாகப் புதுப்பிக்கப்பட்டது 7 ஜனவரி 2002 என்று ஆங்கிலத்தில் இருந்தது. சுவரில் தொங்கிய பேக்கரி காலண்டர் ஏப்ரல் மாதத்தைக் காட்டிக்கொண்டிருந்தது.

"நான் வேலையை ஆரம்பிச்சதே சங்கராந்திக்கு அப்புறம்தான்" என்றாள் ஸ்னேஹா. "சும்னே ஆத்துல சும்மா உக்காந்து எழுதல மேடம். ஹெப்பகோடிக்கு பஸ்ல போய், ஃபேக்டரியில வேலை செய்யற பொம்மனாட்டிகளோட தினமும் மத்தியானம் உக்காந்தேன். யார் டப்பாவுல என்ன இருக்கு, யார் யாருக்குக் குடுக்கறா, யாருக்கு ரத்தம் கம்மி, எல்லாம் நானே கேட்டுக் கேட்டு எழுதினது. மார்ச் கடைசியில சப்மிட் பண்ணேன். ஜனவரியிலயே இருந்த பக்கத்தை நீதான் பாத்து எழுதினேன்னு ரெமிஜியஸ் சார் சொல்றார்."

"அவர் யாரு?"

"எங்க டிபார்ட்மென்ட் ஹெட். நல்ல மனுஷர்தான். ஆனா இன்டர்நெட்னாலே அவருக்கு ஆகாது. வருஷ ஆரம்பத்துல பெரிய கிளாஸே எடுத்தார். யார் எழுதினது, எப்ப எழுதினது, என்ன ஆதாயத்துக்கு எழுதினது, இதெல்லாம் விசாரிக்காம எந்த வெப்சைட்டையும் ஆராய்ச்சிக்குத் தொடாதேங்கோன்னு. இப்ப, தேதி போட்டிருக்கே, தேதி எப்படிம்மா பொய் சொல்லும்ங்கறார்."

ஹரிஷ் நிமிர்ந்தான். "மேடம், யார், எப்ப, இன்னா ஆதாயம்? இது நீங்க மாப்பிள்ளை விசாரிக்கிற மாதிரியே இருக்குது."

பாமாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. நல்ல வரன் ஒன்று சிக்கும்போது வரும் அதே வெளிச்சம்.

"அப்போ விசாரிச்சுடுவோம். பையன் பேரு?"

"ராயல் நாலெட்ஜ் பார்க்" என்று தாளைப் பார்த்துச் சொன்னான் ஹரிஷ்.

"பேரைக் கேட்டா பெரிய இடம். அப்பா பேரு?"

"எழுதினவங்க பேரு எங்கயும் இல்ல."

"வீட்டு விலாசம்?"

"இல்ல."

"ஊருல நாலு பேர் நல்ல பையன்னு சொல்றாங்களா?"

"வேற எந்த சைட்டாவது இதைக் கைகாட்டுதான்னு தேடித்தான் பாக்கணும்."

"ஆனா வயசு மட்டும் கேக்காமலே சொல்றான்." பாமா எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். "அப்பா பேரை மறைக்கிறவன், வயசை மட்டும் ஏன்டா இவ்வளவு ஆசையா சொல்றான்? வா, பையனை நேர்ல பாத்துட்டு வருவோம்."

தெருமுனை சைபர் கஃபேயில் கூட்டம் அப்பிக்கிடந்தது. வேலை தேடுகிறவர்கள் ஒரு பாதி, வேலையை விட்டுவிட்டு சாட் செய்கிறவர்கள் மறு பாதி. மூலையில் ஒரே ஒரு கம்ப்யூட்டர் மட்டும் ஆளில்லாமல் இருந்தது.

"அது கிழவிங்க" என்றான் கடைக்காரன். "உள்ளே இருக்கிற பேட்டரி செத்துப்போச்சு. ஒவ்வொரு தடவை ஆன் பண்றப்பவும் தேதி மறந்துடும். மத்தபடி நல்லா ஓடும்."

மூன்று பேரும் ஒட்டுப்பலகைத் தடுப்புக்குள் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். பக்கம் மெதுவாக, மேலிருந்து கீழாக, திரைச்சீலை இறங்குவது போல இறங்கியது. முதலில் இரண்டு வாழைமரங்கள். பிறகு இரண்டு குத்துவிளக்குகள். பிறகு மாலையை ஆளுக்கொரு பக்கம் அலகில் பிடித்திருக்கும் ஒரு ஜோடிக் கிளிகள். அதற்குக் கீழே, 'தொழிற்பேட்டைப் பெண்களின் மதிய உணவு'. ஹரிஷ் அதை ரசிப்பதற்குள் ஸ்பீக்கரிலிருந்து கெட்டிமேளம் முழங்கியது. கஃபேயில் இருந்த அத்தனை தலைகளும் திரும்பின.

"யாருக்குங்க கல்யாணம்?" என்று பக்கத்துத் தடுப்பிலிருந்து குரல் வந்தது.

"ரத்தசோகைக்கு" என்றான் ஹரிஷ். "கையோட சத்து மாத்திரை வாங்கிட்டு வந்துடுங்க."

அவன் பக்கத்தின் அடிக்குப் போனான். போனவன் அப்படியே நின்றான்.

"மேடம், சம்பந்தம் வேணாம். பையனுக்கு வயசு எக்கச்சக்கமா ஏறிப்போச்சு."

கடைசியாகப் புதுப்பிக்கப்பட்டது: 1 ஜனவரி 1980.

"அய்யய்யோ!" என்றாள் ஸ்னேஹா. "நான் பொறந்ததே அந்த வருஷம் ஆகஸ்ட்லதான்!"

"பொறக்கிறதுக்கு முன்னாடியே காப்பி அடிச்சிருக்கீங்க. கெட்டிக்காரங்க" என்ற ஹரிஷின் விரல்கள் அதற்குள் விறுவிறுவென்று ஓடின. பக்கத்தின் பின்னால் ஒளிந்திருக்கும் எழுத்துகளைத் திறந்தான். இந்த ஒரு விஷயத்தில் அவன் வேலை இழந்தவன் இல்லை. "இதோ! அதானே பாத்தேன். மேடம், இந்தப் பக்கத்துல தேதின்னு ஒண்ணு எழுதவே இல்ல. யாரு பாக்கறாங்களோ அவங்க மெஷின்ல இன்னா தேதி ஓடுதோ அதை எடுத்துப் போட்டுக்கோன்னுதான் எழுதியிருக்குது. முகம் பாக்கிற கண்ணாடி மாதிரி."

பாமா அடுத்த தடுப்புக்காரனைக் கெஞ்சி, அவன் மெஷினிலும் அதே பக்கத்தைத் திறக்கவைத்தாள். அதில் இன்றைய தேதி, ஏப்ரல் மாதம், பளிச்சென்று இருந்தது.

ஸ்னேஹா எழுந்து நின்றே கைதட்டினாள். "ஆயித்து மேடம், முடிஞ்சது! வாங்கோ, இப்பவே போய் சார்கிட்ட சொல்லிடலாம்!"

பாமா எழுந்திருக்கவில்லை. பிரிண்ட் தாளின் கீழ் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிரிண்டர் தானாகவே அச்சடிக்கும் தேதி அங்கே எறும்பு மாதிரி சின்னதாக இருந்தது. அதுவும் ஜனவரி ஏழுதான்.

"இங்க ஏப்ரல். கிழவிகிட்ட எண்பது. அப்போ இந்தத் தாள்ல ஜனவரி எங்கேர்ந்து வந்தது?"

ஹரிஷுக்கு உற்சாகம் பொங்கிவிட்டது. மாப்பிள்ளைகளின் சம்பளச் சீட்டைத் துழாவித் துழாவி அலுத்துப்போயிருந்தவனுக்குக் கடைசியில் ஒரு நிஜமான சதி கிடைத்திருக்கிறது! "யாரோ வேணும்னே ஒரு மெஷின் தேதியைப் பின்னாடி தள்ளி வெச்சு பிரிண்ட் எடுத்து, அந்த ஹெட்டு கையில சேத்திருக்காங்க மேடம். காலேஜ்ல உங்களுக்கு யாராச்சும் எதிரி?"

"மெடலுக்கு எனக்கும் ஷ்ரேயாவுக்கும்தான் போட்டி" என்று யோசித்தாள் ஸ்னேஹா. "ஆனா அவ என் டப்பாவுலேர்ந்து சித்ரான்னத்தைத் தவிர வேற எதையும் திருடினதில்லை."

"முதல்ல குடும்பத்தைக் கண்டுபிடிப்போம்" என்றாள் பாமா. "இதை இங்க ஏத்தினது யாரு? ஹரிஷ், அந்தக் கிளியைக் கொஞ்சம் பெரிசு பண்ணு."

கிளி பெரிதானது. பச்சை உடம்பு, சிவப்பு மூக்கு எல்லாம் சரியாகத்தான் இருந்தன. ஆனால் இரண்டு கிளிகளுக்கும் ஆளுக்கு ஒரே ஒரு கால்.

"ஸ்கேன் பண்றப்ப வெட்டுப்பட்டிருக்கும். அந்த ஒரு கிளியையே திருப்பிப் போட்டு ஜோடி சேத்துட்டாங்க" என்றான் ஹரிஷ்.

"இந்த நொண்டிக் கிளியை நான் பாத்திருக்கேன்" என்றாள் பாமா மெதுவாக. "வேற ஒரு கல்யாணத்துல."

ஆபீஸ் பீரோவின் கீழ்த்தட்டில் கல்யாணப் பத்திரிகைகள் மலைபோல் குவிந்திருந்தன. விசாரித்துச் சரியென்று சொன்ன வீடுகளிலிருந்து மரியாதைக்கு வந்தவை. மூவரும் தரையில் உட்கார்ந்து அவற்றைப் பரப்பினார்கள். யானைகள் வந்தன, மாங்காய்கள் வந்தன, கைகூப்பிய பொம்மைகள் வந்தன. ஒரு ரோஜா வண்ணப் பத்திரிகையைப் பிரித்த ஸ்னேஹாதான் கத்தினாள். மாலையைக் கவ்விக்கொண்டு ஒற்றைக்காலில் நின்றன அதே கிளிகள். மூலையில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயர்: சொர்ணம் கிராஃபிக்ஸ், சிவாஜிநகர்.

ஸ்னேஹாவின் முகம் வெளுத்தது. "மேடம், இங்கதான் நான் புராஜெக்டை டைப் பண்ணக் குடுத்தேன்."

ஹரிஷ் ஆட்டோ பிடிக்க ஓடினான்.

சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டைத் தாண்டி, துணிக்கடைகளும் கறிக்கடைகளும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்ற சந்தில் ஆட்டோ நுழைய மறுத்தது. இறங்கி, கூட்டத்தில் நீந்தி, ஒரு ஜவுளிக்கடையின் மாடிப்படி ஏறினார்கள். வழியெல்லாம் ஹரிஷ், மாட்டிக்கொண்ட குற்றவாளி எந்த ஜன்னல் வழியாகக் குதிப்பான் என்று கணக்குப் போட்டுக்கொண்டே வந்தான்.

குற்றவாளி குதிக்கவில்லை. ஸ்னேஹாவைப் பார்த்ததும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"வாம்மா, வா வா! மார்க்கு வந்துடுச்சா? முதல் மார்க்குதானே? நான் அப்பவே சொர்ணத்துகிட்ட சொன்னேன், இந்தப் பாப்பா புராஜெக்டு நம்ம கடைக்கே பேர் வாங்கிக் குடுக்கும்னு!"

கடைக்காரர் கோவிந்தன். சொர்ணம் அவர் மனைவி. கடை முழுவதும் கல்யாணப் பத்திரிகை மாதிரிகள் காய்ந்துகொண்டிருந்தன.

"பேர் வாங்கிக் குடுத்துட்டாங்க. திருடின்னு" என்றான் ஹரிஷ்.

விஷயத்தைக் கேட்டதும் கோவிந்தனின் சிரிப்பு முகத்திலேயே உறைந்துவிட்டது.

"ஐயோ, சாமி சத்தியமா அப்படி இல்லம்மா. கம்ப்யூட்டர் காலம்னு நானும், பெரிய இடம் மாதிரி இருக்கட்டும்னு ராயல் நாலெட்ஜ் பார்க்னு பேர் வெச்சு, ஒரு வெப்சைட் ஆரம்பிச்சேன். பத்திரிகைக்கு சாம்பிள் ஒட்டி வெக்கிறோம்ல? அதே மாதிரி டைப்பிங்குக்கும் சாம்பிள் போடலாம்னு நெனச்சேன். நம்ம கடையில இதுவரைக்கும் அடிச்ச வேலையிலேயே அழகான டேபிள் இந்தப் பாப்பாவோடதுதான். கோடு ஒண்ணு கோணல் கிடையாது. முழுசையும் போட்டா தப்பாச்சேன்னு ஒரு அத்தியாயம் மட்டும்தான் போட்டேன். காலேஜுக்கெல்லாம் நோட்டீஸ்கூட குடுத்து அனுப்பினேனே!"

அந்த நோட்டீஸ்தான் ரெமிஜியஸ் கையில் கிடைத்திருக்க வேண்டும் என்று ஹரிஷுக்குப் புரிந்தது. "சரிங்க, சாம்பிள். எழுதினவங்க பேரை ஏன் எடுத்தீங்க?"

கோவிந்தன் நிஜமாகவே அதிர்ந்துபோனார். "இன்னா தம்பி இப்படிக் கேட்டுட்டே? வயசுக்கு வந்த பொண்ணு பேரை, ஊரு உலகமெல்லாம் பாக்கிற இடத்துல போடலாமா? நாளைக்கு நாலு பேர் நாலு விதமா பேச மாட்டாங்களா? அது நல்லா இருக்காதுன்னு சொர்ணம்தான் சொல்லுச்சு. மரியாதைக்குத்தான் எடுத்தேன்."

பாமா வாயைப் பொத்திக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் அப்பா பேரை மறைத்த எத்தனையோ பேரை அவள் பார்த்திருக்கிறாள். இவ்வளவு நல்ல காரணத்துக்காக மறைத்தவரை இப்போதுதான் பார்க்கிறாள்.

"அந்தத் தேதி?"

"அதா? கம்ப்யூட்டர் மாசப் பத்திரிகையோட ஓசியா ஒரு சிடி வந்துச்சு. அதுல இருந்துது. தினமும் தானாவே தேதி மாறும்னு போட்டிருந்தான். கடை எப்பவும் திறந்திருக்கிற மாதிரி களையா இருக்கும்னு ஒட்டிட்டேன்."

ஹரிஷ் அவருடைய மெஷினில் உட்கார்ந்து, வெப்சைட் கணக்கைத் திறந்தான். அந்தக் கோப்பை அங்கே ஏற்றிய நாள் ஏப்ரல் முதல் வாரம் என்று தெளிவாக இருந்தது. ஸ்னேஹா புராஜெக்டைக் கொடுத்து முடித்தபிறகுதான்! கடை மெஷின் தேதியும் சரியாகவே ஓடியது. அப்படியானால் ஜனவரி பிரிண்ட் இங்கிருந்து வந்ததில்லை.

"சதிகாரன் காலேஜுக்குள்ளதான் இருக்கான் மேடம்" என்று கிசுகிசுத்தான்.

"பாப்போம்" என்றாள் பாமா. "கோவிந்தன் சார், சட்டையை மாத்திக்கிட்டு எங்ககூட வரீங்களா? சம்பந்தி வீட்டுல உங்களைக் காட்டணும்."

கல்லூரி வாசலில் வாட்ச்மேன் மறித்தார். "யாரு பேகு மேடம்?" என்று, யார் வேண்டும் எனக் கேட்டார். பாமா இரண்டே வாக்கியம் கன்னடத்தில் பேசினாள். அவர் கதவைத் திறந்ததோடு நில்லாமல், டிபார்ட்மென்ட் வரை கூடவே வந்து விட்டுவிட்டுப் போனார்.

ரெமிஜியஸ் ஒல்லியாக, உயரமாக, இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டையில் இருந்தார். கமிட்டியின் மற்ற இருவரும் அவருக்கு இருபுறமும் கடமை முகத்தோடு அமர்ந்திருந்தார்கள். மூலையில், எம்பிராய்டரி உறை போட்ட கம்ப்யூட்டர், பூஜைக்கு வைத்தது போல இருந்தது.

ஸ்னேஹா ஆரம்பித்தாள். கோவிந்தன் கைகூப்பியபடி தன் பங்கைச் சொன்னார். ஹரிஷ் மெஷின் தேதி விவகாரத்தை விளக்கினான். ரெமிஜியஸ் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டுத் தலையசைத்தார்.

"கடைக்காரர் நல்லவராத்தான் தெரியறார். ஆனா அவர் மெஷின் அவர் கையில இருக்கு. அதுல எந்தத் தேதி வேணும்னாலும் அவர் வெச்சுக்கலாம். இந்த ஜனவரி பிரிண்ட்டை யாரோ தேதியைத் திருத்தி எடுத்ததா சொல்றீங்க. சரி, எடுத்தது யார் தெரியுமா?"

"அதைத்தான் சார் நாங்களும் தேடிட்டிருக்கோம்!" என்றான் ஹரிஷ் ஆவலாக.

"நான்தான் எடுத்தேன். ரெண்டு வாரத்துக்கு முன்னாடி. இதே ரூம்ல, என் கையால. ஸ்னேஹாமேல எனக்கு என்ன விரோதம்? என்னையே சந்தேகப்படறீங்களா தம்பி?"

ஹரிஷின் சதி அவன் கண்ணெதிரே பொலபொலவென்று உதிர்ந்தது. ஸ்னேஹா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். கோவிந்தன், தான் வந்ததால்தான் காரியம் கெட்டது என்பது போலக் குற்ற உணர்ச்சியோடு சுவர் ஓரமாக ஒதுங்கினார்.

பாமா மட்டும் புன்னகை செய்தாள். "உங்களைச் சந்தேகப்பட மாட்டோம் சார். எங்களுக்காக இன்னொரு பிரிண்ட் எடுத்துத் தர முடியுமா? இப்பவே, அதே மெஷின்ல?"

ரெமிஜியஸ் உறையைக் கழற்றி மடித்து வைத்தார். மோடம் கிறீச்சிட்டது. வாழைமரங்கள் இறங்கின. கெட்டிமேளம் கொட்டியது. கமிட்டிக்காரர் ஒருவர் பழக்க தோஷத்தில் அட்சதை போடப்போகிறவர் மாதிரி கையைத் தூக்கிவிட்டு இறக்கிக்கொண்டார். பிரிண்டர் தாளைத் துப்பியது.

பாமா அதை எடுத்துப் பழைய தாளுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"சார், போன தடவை ஜனவரி ஏழு. இன்னிக்கு ஜனவரி இருபத்தொண்ணு. ரெண்டு வாரத்துல ரெண்டு வாரம் வயசு ஏறியிருக்கு. பக்கத்துமேல எழுதி வெச்ச தேதின்னா எப்படி சார் நகரும்? அது உங்க மெஷினோட தேதி. வெளியில ஏப்ரல் வெயில் கொளுத்தறது. உங்க ரூம்ல மட்டும் ஏன் சார் இன்னும் ஜனவரி?"

ரெமிஜியஸின் காதுகள் மெல்ல மெல்லச் சிவந்தன.

"மை காட்" என்றார் கடைசியில். "அந்த ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பேக்கேஜ். ஒரு மாசம் ஓசியா ஓடும், அப்புறம் பூட்டிக்கும். ஒரிஜினல் வாங்கித் தாங்கன்னு எத்தனை தடவை எழுதிட்டேன், மேலே யாரும் அசையலை. இது இல்லாம பிள்ளைங்க கணக்குப் போட முடியாது. அதனால மாசம் முடியறதுக்குள்ள நானே தேதியைத் திரும்ப ஜனவரிக்குத் தள்ளி வெச்சுடுவேன். ஓடிட்டே இருக்கும். வெச்சதை மறந்தே போயிட்டேன்."

"அதான் சார் நீங்க இவ்வளவு இளமையா இருக்கீங்க" என்றான் ஹரிஷ். பாமா அவன் காலை மிதித்தாள்.

"சார் சொல்லிக்குடுத்த கேள்வியெல்லாம் சரியான கேள்விதான்" என்றாள் பாமா மென்மையாக. "வரன் விசாரிக்கிறப்பவும் அதைத்தான் கேப்போம். ஆனா பையனோட வயசைப் பையனையே கேட்டா, அவன் நமக்குப் பிடிச்ச வயசைத்தான் சொல்லுவான். பக்கத்து வீட்டுலதான் கேக்கணும்."

ரெமிஜியஸ் மேஜையிலிருந்த கமிட்டித் தாளை இரண்டாகக் கிழித்தார். ஸ்னேஹாவின் புராஜெக்டை இழுத்து, முதல் பக்கத்தைத் திறந்து, பேனா மூடியைக் கழற்றினார். ஹரிஷ் மனசுக்குள் ஆட்டோ ஏறி, பேக்கரி வாசலில் இறங்கியே விட்டான்.

"வேண்டாம் சார்" என்றாள் ஸ்னேஹா.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். காலையிலிருந்து அழுதுகொண்டிருந்தவளின் கண்கள் காய்ந்திருந்தன.

"கையெழுத்து அப்புறம் போடுங்கோ சார். முதல்ல படிங்கோ. தேதியைப் பாத்தேள். பேர் இல்லைன்னு பாத்தேள். ரெண்டையும் பக்கத்துல வெச்சு ஒவ்வொரு வரியும் ஒண்ணா இருக்கான்னு டிக் போட்டிருக்கேள். அந்த வரியில என்ன இருக்குன்னு படிச்சேளா?"

ரெமிஜியஸ் பேனாவைக் கீழே வைத்தார்.

"இல்லம்மா. படிக்கலை" என்றார்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இரண்டாவது அத்தியாயத்தைத் திருப்பினார். அவர் ஏற்கெனவே பென்சிலால் டிக் போட்டிருந்த வரிகளின்மேல் விரலை வைத்து, இந்தத் தடவை மெதுவாகப் போனார். ஒரு பக்கம் தாண்டியது. இன்னொரு பக்கத்தின் அடியில், அட்டவணைக்குக் கீழே இருந்த சின்னக் குறிப்பில் விரல் நின்றுவிட்டது.

"ரத்தினம்மாள்னு ஒருத்தங்க, தினமும் காலி டப்பா கொண்டு வருவாங்கன்னு எழுதியிருக்கே?"

"ஆமா சார். கொண்டு வர ஒண்ணும் இருக்காது. ஆனா டப்பா இல்லாம வந்தா எல்லாருக்கும் தெரிஞ்சுடும். அதனால காலி டப்பாவைக் கொண்டு வந்து எல்லாரோடையும் உக்காந்து திறப்பா. சுத்தி இருக்கிறவா ஒண்ணும் பேசாம ஆளுக்கு ஒரு கரண்டி அதுல போட்டுடுவா. அவ டப்பாதான் கடைசியில எல்லாத்தையும்விட நல்ல சத்தான சாப்பாடு சார். எல்லாம் கலந்து இருக்கும். அதை எந்தக் கட்டத்துல போடறதுன்னு எனக்குத் தெரியல. அதான் கீழே எழுதினேன்."



"அந்த அம்மா இப்பவும் வேலைக்கு வராங்களா?" என்று கேட்டார் ரெமிஜியஸ்.

"வரா சார். போன வாரம் சும்மா பாத்துட்டு வரலாம்னு போனேன். நான் டப்பா எடுத்துண்டு போக மறந்துட்டேன். எனக்கு முதல் கரண்டி போட்டது அவதான்."

"உக்காரும்மா" என்றார் ரெமிஜியஸ், தன் பக்கத்து நாற்காலியைக் காட்டி. "முதல் அத்தியாயத்துலேர்ந்து படிக்கறேன். புரியாத இடத்துல கேப்பேன், சொல்லு."

அவர் பக்கத்தைத் திருப்பினார். கமிட்டிக்காரர்களில் ஒருவர் சத்தம் போடாமல் தன் நாற்காலியை இழுத்து, அவர் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொண்டு எட்டிப்பார்த்துப் படிக்க ஆரம்பித்தார்.